எங்கே போகிறாய் என்று கேட்காத விமான நிலையம்

கிரின்ஸ்டெட், டென்மார்க்
25 மே 1989

அன்பும் பொறுமையும் மிக்க பெரிய மச்சான் லோரன்ஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை எமிலியாவின் கணவன் அந்தோனிதாசன் மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கு என் உடம்பு நலமாக இருக்கிறது. மனதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அங்கே தாங்களும், மேரிகிறேஸ் மச்சாளும், தாங்கள் தலைமை தாங்கும் மொட்லாபி விமான நிலையமும், அதன் ஒரேயொரு ஓடுபாதையும், காலையில் அதில் படுத்துக் கிடக்கும் ஆடுகளும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. கோபக்காரன் இப்படி முத்து முத்தாக எழுதமாட்டான். இரண்டு தாள்களைக் கிழித்து எறிந்துவிட்டு மூன்றாவது தாளில் எழுதுகிறேன் என்பது வேறு விஷயம்.

ரெலிபோன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். கலகாரிப் பாலைவனத்தில் காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தாலே உங்கள் லைன் அறுந்து விழுகிறது. என் கோபம், அதாவது என் கவலை, பாதி வசனத்தில் நின்றுவிடுகிறது. மிச்சப் பாதியை மனதில் வைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்வது இறைச்சித் தொழிற்சாலையில். கையில் ஒரு முழ நீளக் கத்தி. இது யாருக்கும் நல்லதில்லை என்று எங்கள் மேற்பார்வையாளர் யென்ஸே சொல்லிவிட்டார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று கிழமை ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தும் நீங்கள் இப்படிச் செய்தீர்களே என்பதுதான் என் ஆற்றாமை. எமிலியாவை இங்கே கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் ஒரு அலமாரிக்குள் போய்ப் படுத்தது. என்னுடையது மட்டுமில்லை, எங்கள் ஆட்கள் எல்லாருடைய விண்ணப்பங்களும் வரிசையாகப் படுத்து நித்திரை கொண்டன. கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். பரிசீலனைக்கு இவ்வளவு நித்திரை தேவையா என்று இங்கத்தைய பத்திரிகைகளே கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினார்கள். சண்டை தொடங்கியதும் எமிலியாவை யாழ்ப்பாணத்திலிருந்து உங்களிடம் கூப்பிட்டு எடுத்து, இவ்வளவு காலமும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கடைசியில் மார்ச் மாதம் அனுமதி வந்தது. மே மாதம் முடிவதற்குள் அவள் டென்மார்க்கில் கால் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி காலாவதி. திரும்ப விண்ணப்பம், திரும்ப அலமாரி, திரும்ப நித்திரை. இதை நான் உங்களுக்கு எழுதினேன், ரெலிபோனில் சொன்னேன், காசெட்டிலும் பேசி அனுப்பினேன். நீங்களும் "யோசிக்காதையும் தாசன், எயார்போர்ட்டே எங்கட கையில" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் ஜன்னல் திரை வாங்கினேன்.

உங்கள் விமான நிலையத்தின் பெருமையை நான் அறியாதவனா? வைரச் சுரங்கத்துக்காகவே பாலைவனத்தின் நடுவில் கட்டிய நிலையம் என்றும், விடிய எழும்பி ஓடுபாதையில் மணலைக் கூட்டித் தள்ளிய பிறகே விமானம் இறங்கும் என்றும், தீக்கோழி குறுக்கே ஓடினால் சைரன் ஊதுவீர்கள் என்றும், விமானம் சின்னது என்பதால் பெட்டியை மட்டுமில்லை ஆளையும் தராசில் ஏற்றி நிறுப்பீர்கள் என்றும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை எமிலியாவையும் விளையாட்டுக்கு நிறுத்து, அவள் எடையைச் சுரங்கத்து ஆட்கள் எல்லாருக்கும் கேட்க உரத்து வாசித்துவிட்டீர்களாம். ஒரு கிழமை உங்களோடு கதைக்கவில்லை என்று எனக்கு எழுதினாள். எல்லாவற்றையும்விட நீங்கள் நெஞ்சு நிமிர்த்தி எழுதியது, நீங்கள் பொறுப்பெடுத்த நாளிலிருந்து ஒரு பயணிகூடத் தவறிப் போனதில்லை என்பது. உண்மைதான் மச்சான். முதல் ஆளைத் தவறவிட உங்கள் சொந்தத் தங்கை வரும்வரை காத்திருந்தீர்கள்.

இனி எங்கள் பக்கத்துக் கூத்தைக் கேளுங்கள். எமிலியா வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை. பிலுண்ட் விமான நிலையம் எங்களுக்குப் பக்கத்து ஊர். கார் எடுத்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம். ஆனால் கார் என்னுடையது இல்லையே, என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் சிறீஸ்கந்தராசா அண்ணையுடையது. அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் கடைக்குப் பால் வாங்கவும் போகமாட்டார். விமானம் பின்னேரம் வருகிறது என்று சொன்னதும் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, "தாசன், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ராகுகாலம். ஊரில எண்டால் ஒண்டரை மணித்தியாலம். இஞ்ச மே மாதத்தில சூரியன் படுக்கப் போகுதே இல்லை, பகலை எட்டாப் பிரிச்சால் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வருது. இந்த நாட்டில ராகுவுக்கும் ஓவர்ரைம்" என்றார். நான் அந்தோனியார் பக்தன், ராகுவோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை, ஆனால் சாவி அவர் கையில். ஆகவே உச்சி வெயிலில் வெளிக்கிட்டோம். கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொதிகளை எமிலியா வருவதற்கு முதலே நாங்களே இருந்து சாப்பிட்டு முடித்தோம். பாவம் அண்ணை, அவருடைய மனைவி யோகம்மா அக்காவின் விண்ணப்பம் இன்னும் அலமாரியில் நித்திரை. ஆனாலும் அன்றைக்கு என்னைவிட நல்ல சேர்ட் போட்டு வந்தவர் அவர்தான்.

பின்னேரம் யென்ஸும் அவருடைய மனைவியும் கை நிறையக் குட்டிக் குட்டி டென்மார்க் கொடிகளோடு வந்து சேர்ந்தார்கள். இது இங்கத்தைய வழக்கம் மச்சான். ஆள் வந்தால் கொடி, பிறந்தநாளுக்குக் கொடி, நாய்க்குப் பிறந்தநாள் என்றாலும் கேக்கில் ஒரு கொடி. எங்கள் கையிலும் ஆளுக்கொன்று தந்தார்கள். கதவு திறந்ததும் யென்ஸின் மனைவி ஆட்டத் தொடங்கினா, நாங்களும் ஆட்டினோம். முதலில் வந்தவர்கள் ஒரு வயதான டெனிஷ் தம்பதி. எங்கேயோ கடற்கரையில் வெயில் காய்ந்து சிவந்துபோய் வந்திருந்தார்கள். வரவேற்பு தங்களுக்குத்தான் என்று நினைத்து அந்த மனிசிக்குக் கண் கலங்கிவிட்டது. யென்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனா. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஆட்டினோம். கடைசியில் கை வலித்தது, கதவு மூடியது, எமிலியாவைக் காணவில்லை.

ஆனால் அவளுடைய சூட்கேஸ் வந்தது! நீங்கள் வெள்ளைப் பெயின்றால் அவள் பெயர், என் பெயர், ஊர், நாடு எல்லாம் எழுதி, கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வரிந்து கட்டிய அந்தச் சூட்கேஸ் ஒரு கீறலும் இல்லாமல் வந்து, சுங்க அதிகாரி தள்ளிக்கொண்டு வந்த வண்டியில் தனியாகக் குந்தியிருந்தது. யென்ஸின் மனைவிக்கு என்ன விளங்கியதோ, அதற்கும் கொடியை ஆட்டினா. ஒரு படமும் எடுத்தா. அந்தப் படத்தில் நான், சிறீஸ்கந்தராசா அண்ணை, நடுவில் சூட்கேஸ், எல்லார் கையிலும் கொடி. பார்க்கிறவர்கள் நான் சூட்கேஸைத்தான் கலியாணம் கட்டியிருக்கிறேன் என்று நினைப்பார்கள். சுங்க அதிகாரி அதைத் திறந்து, மேரிகிறேஸ் மச்சாள் வறுத்து இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பாவம், மோந்து பார்க்கும் சாமானா அது? தும்மி முடிய வெகுநேரம் ஆனது. தும்மல்களுக்கு நடுவில் அவர் கேட்டது, "பெட்டிக்காரி எங்கே?" அன்றிலிருந்து டென்மார்க்கில் என்னைக் காண்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

அங்கே நின்றபடியே உங்களுக்கு ரெலிபோன் எடுத்தேன். நாம் கதைத்ததை நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை. நீங்கள் மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

"மச்சான், சூட்கேஸ் வந்திட்டுது. எமிலியா எங்க?"

"வந்திட்டுதோ? அப்பாடா! உள்ளுக்கு மிளகாய்த்தூள் கிடக்கு, பக்குவம்."

"எமிலியா எங்க எண்டு கேக்கிறன்!"

"ஏன், அவள் அங்க வரேல்லையோ?"

"வந்தால் உங்களிட்டக் கேப்பனே?"

பிறகு மெல்லச் சொன்னீர்கள், "தாசன், இஞ்ச இருந்து நேத்துக் காலமை வெளிக்கிட்டது ரெண்டு பிளேன். ஒண்டு தலைநகருக்கு, மற்றது உப்புச் சுரங்கத்துக்கு. தலைநகர்ப் பிளேனில ஒரு சீற் வெறுமையாப் போனதாம்."

"அவள் ஏறேக்க எங்க போறாய் எண்டு நீங்கள் கேக்கேல்லையோ?"

"என்ன தாசன் கதைக்கிறீர்? வெளிக்கிடுற ஆளை எங்க போறாய் எண்டு கேட்டால் போற காரியம் சரிவருமோ? தூரமோ எண்டு கேட்டனான். ஓம் எண்டவள்."

மச்சான்! பாலைவனத்தில் எதுதான் தூரமில்லை? வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டால் சகுனப் பிழை, கேட்கப்பட்டவர் திரும்ப வீட்டுக்குள் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் அது வீட்டுப் படலையில் நிற்பவர்களுக்கான சட்டம். நீங்கள் நிற்பது விமான நிலையத்தில். உங்களுக்குச் சம்பளம் தருவதே அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தானே! அதையும் கேட்டேன். அதற்கு நீங்கள் சொன்ன பதிலில் எனக்குத் தலை சுற்றியது. அங்கே நீங்கள் பொறுப்பெடுத்த நாளிலிருந்து ஒரு பயணியையும் அப்படிக் கேட்டதில்லையாம். தலைநகருக்குப் போகிறவர்களுக்கு நீல அட்டை, உப்புச் சுரங்கத்துக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் அட்டை. சுரங்கக் கந்தோரிலேயே கொடுத்துவிடுவார்கள், வருகிறவர்கள் வாய் திறக்காமல் காட்டிவிட்டுப் போவார்கள். விமானிகளையும் அப்படியே பழக்கிவிட்டீர்களாம். ஒரு பாலைவனத்தையே யாழ்ப்பாணத்துச் சகுனத்துக்குத் திருத்தி வைத்திருக்கிறீர்கள், அந்த மக்களுக்கே தெரியாது! எமிலியா சுரங்கத்து ஆள் இல்லை, அவளுக்கு அட்டை இல்லை. அட்டையும் இல்லை, கேள்வியும் இல்லை. இரண்டு விமானமும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. பிறகு என்ன நடக்கும்?

சூட்கேஸ் மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டேன். "அது நானே தூக்கிக்கொண்டு போய் ஏத்தினனான். பெட்டிக்கு என்ன சகுனம்?" என்றீர்கள். அவள் ஏறும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். "நான் அங்கால திரும்பிக் கம்பத்தில கட்டின காத்துப் பையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றீர்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அவ்வளவு கவனமாகப் பார்த்த அதிகாரி, தங்கை எந்தப் பக்கம் போகிறாள் என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கக் கூடாதா? இதை நான் கத்திச் சொல்லும்போது லைன் அறுந்துவிட்டது. சிறீஸ்கந்தராசா அண்ணை என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி வைக்கும்வரை நான் வெறும் கம்பியோடு கத்திக்கொண்டிருந்தேனாம்.

அவள் உப்புச் சுரங்கத்தில் பத்திரமாக இருக்கிறாள் என்று அடுத்தடுத்த நாள் நீங்கள் சொன்னது பெரிய ஆறுதல். தலைநகர் என்று நம்பி இறங்கியவளுக்கு ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தாங்கி, நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வெள்ளை வெளேர் என்று உப்பு. தாதியின் அறையில் கட்டில் கொடுத்திருக்கிறார்கள், மரியாதையாகப் பார்க்கிறார்கள் என்றீர்கள். கறிக்கு உப்புக் காணாது என்று அங்கத்தைய சமையல்காரனோடு வாய்த்தர்க்கப்பட்டு, இப்போது அவளே சமைக்கிறாள் என்று கேட்டுச் சிரித்தேன். உப்பு மலைக்கு நடுவில் இருந்துகொண்டு உப்புக் காணாது என்று சொல்ல எங்கள் எமிலியாவால்தான் முடியும். சிரித்து முடித்த பிறகுதான் விமானம் அங்கே கிழமைக்கு ஒருதரம், சனிக்கிழமை மட்டும் என்று சொன்னீர்கள். போன சனிக்கிழமை மணற்புயலாம், விமானம் இறங்கவில்லையாம். இனி இருப்பது ஒரேயொரு சனிக்கிழமை. அதையும் விட்டால் மே மாதம் முடிந்துவிடும்.

இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டுப் பார்ப்போம் என்று பொலிஸ் நிலையத்தின் வெளிநாட்டவர் பிரிவுக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எனக்குத் தெரிந்த டெனிஷ் மொழியைக் கூட்டிப் பொறுக்கி நடந்ததைச் சொன்னேன். "உங்கள் மைத்துனருக்கு என்ன வேலை?" என்று கேட்டா. "விமான நிலைய அதிகாரி" என்றேன். "பயணிகளை ஏற்றி அனுப்புவாரா?" "ஓம்." "ஆனால் எங்கே போகிறார்கள் என்று கேட்கமாட்டாரா?" "கேட்கமாட்டார். கேட்டால் பயணம் சரிவராது." அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தா. அடுத்த அறைக்குப் போய் ஒருவரைக் கூட்டி வந்து, திரும்பச் சொல்லச் சொன்னா. அவர் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூன்றாம் தரம் சொல்லும்போது எனக்குக் கோப்பியும் பிஸ்கற்றும் வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அந்த நேரம் என் டெனிஷ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தவணை தரவில்லை. "அந்தத் திகதிக்குள் அவர் எல்லையில் வந்து நின்றால் நானே உள்ளே விடுவேன். ஒரு நாள் பிந்தினாலும் என் கையில் ஒன்றும் இல்லை" என்றா. சிரிப்பு நின்ற இடம் அதுதான். வெளியே வந்து, சைக்கிளை அங்கேயே மறந்து விட்டுவிட்டு வீடுவரை நடந்து வந்தேன்.

மச்சான், பகிடியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அவள் முகத்தைப் பார்த்து மூன்று வருடம். அவள் பேசி அனுப்பிய காசெட்டைப் போட்டுப் போட்டு நாடா இழுபட்டுப் போய், இப்போது அவள் உங்கள் குரலில் கதைக்கிறாள். "இஞ்சேருங்கோ, சாப்பிட்டியளோ" என்று நீங்கள் கேட்பது மாதிரி இருக்கிறது, அதையும் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். திரும்பவும் அந்த அலமாரிக்குள் எங்கள் பெயர் போனால் எப்போது வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும்? இந்த ஊரில் மனைவி வருவா, வருவா என்று திரை மாற்றி மாற்றி வைத்திருக்கும் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவனாகப் போய்விடுவேனோ என்று நினைத்தால் சோறு இறங்குதில்லை.

ஆகையால், வருகிற சனிக்கிழமை உப்புச் சுரங்கத்திலிருந்து அவள் மொட்லாபியில் வந்து இறங்கும்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காற்றுப் பையைப் பார்க்க வேண்டாம். ஆட்டைப் பார்க்க வேண்டாம். தலைநகர்ப் பிளேனின் ஏணிப்படிக்குப் பக்கத்தில் போய் நின்று, தங்கையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, விமானிக்கும் கேட்கிற மாதிரி, "எங்க போறாய்?" என்று கேளுங்கள். அவள் "டென்மார்க்குக்கு, என்ர மனிசனிட்ட" என்று சொன்ன பிறகே படியில் கால் வைக்க விடுங்கள். அதனால் ஏதாவது சகுனப் பிழை வந்தால் அது முழுக்க என் தலையில் விழட்டும், நான் தாங்குவேன். இதையும் நீங்கள் செய்யாவிட்டால், மன்னிக்க வேண்டும், இனி உங்களை மச்சான் என்று கூப்பிடமாட்டேன், அதிகாரி அவர்களே என்றுதான் எழுதுவேன்.

மேரிகிறேஸ் மச்சாளுக்கு என் அன்பு. மிளகாய்த்தூள் அருமை என்று சுங்க அதிகாரியின் சார்பிலும் சொல்லவும். சிறீஸ்கந்தராசா அண்ணை தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார். உங்கள் ஓடுபாதையில் மணலும், உங்கள் வாழ்வில் கவலையும் தங்காமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு விடைபெறுகிறேன்.

இப்படிக்கு,
கோபம் சிறிதும் இல்லாத,
உங்கள் மச்சான்
அந்தோனிதாசன்

பின்குறிப்பு (திங்கட்கிழமை, 29 மே): மச்சான், மேலே உள்ளதில் ஒரு வரியையும் கணக்கில் எடுக்க வேண்டாம். எமிலியா வந்துவிட்டாள்! முத்திரை வாங்க மறந்ததால் இந்தக் கடிதம் மேசையில் கிடந்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன், அதற்குள் அவள் பறித்து முழுவதையும் வாசித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அனுப்புங்கோ, அண்ணாவும் சிரிக்கட்டும். ஆனால் கீழ நான் சொல்லுறதையும் எழுதுங்கோ" என்றாள். இனி எழுதுவது அவள் சொன்னவை.

இன்று மத்தியானம் தொழிற்சாலைக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து ரெலிபோன். அந்தக் கண்ணாடி அம்மாதான். பிலுண்டில் ஒரு பெண் நிற்கிறா, உங்கள் மனைவி என்று சொல்கிறா, வந்து பாருங்கள் என்றா. யென்ஸ் கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தன் காரிலேயே கொண்டுபோய் இறக்கினார். நான் வேலை உடுப்போடேயே போய் நின்றேன்: தலையில் வலைத்தொப்பி, உடம்பில் வெள்ளை அங்கி, காலில் வெள்ளை பூட்ஸ். எமிலியா என்னைக் கண்டாள், கண்டுவிட்டு எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றினேன். "இஞ்சேருங்கோ, என்ன இப்பிடி மெலிஞ்சு போனியள்?" என்றாள். நான் ஊரில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. மச்சான், அந்த இடத்தில் அவ்வளவு சனத்துக்கு முன்னால் நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

அவள் சனிக்கிழமை மொட்லாபிக்குத் திரும்பி வரவே இல்லை என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உப்பு வாங்க வந்தவர்களின் விமானம் ஒன்று நேரே தலைநகருக்குப் போவதாக இருந்ததாம். அதில் இடம் கேட்டு ஏறிவிட்டாள். மொட்லாபிக்குப் போனால் நல்ல வசதியான தொடர் விமானம் இருக்கிறது என்று அவர்கள் சொல்லியும் கேட்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "இன்னொருக்கா அண்ணாவிட்டப் பயணம் சொல்லிப் பிரிய என்னால ஏலாது" என்றாள்.

அதோடு சொன்னாள்: "அண்ணா உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறார். தூரமோ எண்டும் அவர் கேக்கேல்ல. முதல் நாள் தொடங்கி அவர் வாயே திறக்கேல்ல. திறந்தால் அழுதிடுவர், எனக்குத் தெரியும். சகுனமும் இல்லை, ஒண்டும் இல்லை. காத்துப் பையைப் பாத்தவராம்! அண்டைக்குக் காத்தே இல்லை, அது சும்மா தொங்கிக்கொண்டு கிடந்தது. முதுகு குலுங்கினதை நான் கண்டனான். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. எந்தப் பிளேன் எண்டு தெரியேல்ல, முன்னால நிண்டதில ஏறிட்டன். அவ்வளவுதான்."

மச்சான், இதற்குமேல் என் கோபத்துக்கு என்ன வேலை? நீல அட்டையும் மஞ்சள் அட்டையும் நீடூழி வாழட்டும். ஒரு பயணியையும் ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம்.

பின்னேரம் உங்களுக்கு ரெலிபோன் எடுத்தோமே, அது உங்களுக்கே தெரியும். ஒருநாளும் இல்லாத மாதிரி லைன் அவ்வளவு தெளிவு. நீங்கள் ஹலோ என்றீர்கள், அவள் "அண்ணா, வந்திட்டன்" என்றாள். அதற்குப் பிறகு இருவரிடமும் ஒரு சத்தமும் இல்லை. அறுந்துவிட்டதாக்கும் என்று நான் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். அறுந்திருக்கவில்லை, நீங்கள் மூக்கை உறிஞ்சுவது பக்கத்து அறையிலிருந்து கேட்பது மாதிரிக் கேட்டது. ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனேன்.